வலப்பக்கப் பாக்கெட்

வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துச் சேலைத் தலைப்பில் செருகிவிட்டுத் தபீதாள் கத்துகிறாள்: "நிறுத்து, நிறுத்து, நிறுத்து!"

சேட்டு கால் கட்டைவிரலால் வீடியோ டெக்கின் பொத்தானை அமுக்குகிறான். திரையில் ஓர் ஒல்லி வெள்ளைக்காரன் பாதி திறந்த வாயோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறான். தபீதாள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்த் தொலைக்காட்சிக் கண்ணாடிமேல் வைத்து, அவன் மார்பில் இருக்கும் சட்டைப் பாக்கெட்டை அளக்கிறாள்.

"ஒண்ணே கால் இஞ்சு."

"போன வாரமும் அதான்க்கா. டிவிக்குள்ள கீற பாக்கெட்டு எப்படிக்கா வளரும்?"

"வளருதா சுருங்குதான்னு பாக்குறவதான் டெய்லரு. நீ ஓட்டு."

ராஜகீழ்ப்பாக்கத்துக் கிராமத் தெருவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிற்பகல் நான்கு மணிக்கு நடக்கும் காரியம் இது. தபீதாளுக்கு நாற்பத்தாறு வயது. காலையில் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு, கறி ஆக்கி இறக்கிவிட்டு, பிள்ளைகளை வெளியே விரட்டிவிட்டு அவள் பெட்டி முன் உட்காருவாள். அவளுடைய கணவன் அந்தோணிசாமி ரயில்வேயில் தண்டவாள வேலை செய்கிறவன். வாரம் முழுக்க இரும்புச் சத்தம் கேட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அதே சத்தம்.

"இன்னாடி அவன், ஜுரம் வந்தவன் மாரி உளறிகினு கீறான். அத்தப் போயி வாரா வாரம் குந்திப் பாத்துகினு..."

"கம்முனு கெட. அவன் போட்டுகினு கீறது என் சட்டை."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வதைத் தவிர அந்தோணிசாமிக்கு இதில் வேறு பங்கு இல்லை.

அந்த ஒல்லியான் பாடுகிற கோஷ்டியின் பெயர் வெட் லேடர்ஸ். நனைந்த ஏணிகள் என்று அர்த்தம். ஏணி ஏன் நனைந்தது என்று அவர்கள் எந்தப் பாட்டிலும் சொன்னதில்லை. தெருவுக்கெல்லாம் கேபிள் இழுத்திருக்கும் சேட்டுதான் தபீதாளுக்கு இந்த உலகத்தை விளக்கியவன். "இது ஆல்டர்நேட்டிவ் ராக்குக்கா. ஒயுங்கா பாடத் தெரியும், பாடமாட்டானுங்க. புதுச் சட்டை வாங்க துட்டு கீது, வாங்கமாட்டானுங்க. அதான் அவுங்க கெத்து."

பழைய சட்டையையே போடுகிறவன் என்பதில்தான் தபீதாளின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கிறது.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் அவள் ஏழு வருஷம் பாக்கெட் வைத்தாள். பாக்கெட் மட்டும். காலர் ஒருத்தி, கை ஒருத்தி, காஜா ஒருத்தி என்று வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு உறுப்பாகத் தைக்கிற இடம் அது. ஏழு வருஷத்தில் அவள் ஒரு முழுச் சட்டையைத் தைத்ததில்லை. ஆனால் கட்டம் போட்ட துணியில் அவள் பாக்கெட் வைத்தால், பாக்கெட்டின் கட்டமும் சட்டையின் கட்டமும் கோடு பிசகாமல் சேர்ந்து பாக்கெட்டே மறைந்துபோகும். கையைவிட்டுப் பார்த்தால்தான் இருக்கிறது என்று தெரியும்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்கு எண்ணெய் விட ஆள் இல்லாத அந்தக் கம்பெனியில் மெஷின்களுக்குச் சந்தனம் பூச ஆள் இருந்தார். சூப்பர்வைசர் ராஜாராமன். ஊசி முறிந்தால் மாற்று ஊசிக்கு மூன்று நாள் எழுதிக்கேட்க வேண்டும். எலுமிச்சம்பழம் மட்டும் மெஷினுக்கு ஒன்று தயாராக வரும். அந்த வருஷம் அவருக்குப் பக்தி சற்றுக் கூடிவிட்டது. வெளிநாட்டுக்காரன் அனுப்பியிருந்த மாதிரிச் சட்டையையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பூஜை செய்தார். காலரில் சந்தனம் அப்பிக்கொண்டது. மற்றவர்கள் கண்ணில் கறை படாமல் இருக்கச் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் பலகையில் மாட்டினார். பூஜையில் வைத்ததை மூன்று நாளைக்கு யாரும் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டார். திருப்பி மாட்டியதை அன்று மாலையே மறந்தும் போனார்.

சட்டையை உள்வெளியாகத் திருப்பினால் இடப்பக்கப் பாக்கெட் வலப்பக்கம் போகும். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த துணி என்பதால் கட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது. மறுநாள் தூரத்திலிருந்து பார்த்தபோது பாக்கெட்டின் தையல் கோடு மட்டும் வலப்பக்கத்தில் தெரிந்தது.

தபீதாள் எழுந்து போய்ச் சொன்னாள். "சார், பாக்கெட்டு சோத்தாங்கைப் பக்கம் வருது சார். அந்தச் சட்டைய ஒரு தபா எடுத்துப் பாத்துடறேன் சார்."

"பூஜையில வெச்சத நீ தொடுவியா?" என்றார் ராஜாராமன். "ஃபாரின் ஆர்டர்மா இது. சாம்பிள்ல எப்படி இருக்கோ அப்படிப் போடு. யோசிக்கறதுக்கு உன்னை வெக்கல, தைக்கத்தான் வெச்சிருக்கு."

அவள் யோசிக்காமல் தைத்தாள். பன்னிரண்டு டஜன் சட்டைகள், எல்லாவற்றுக்கும் வலப்பக்கத்தில் பாக்கெட். கட்டம் ஒன்றுகூடப் பிசகவில்லை.

சட்டைகளை மடித்து அடுக்குகிற இடத்தில்தான் விஷயம் வெளிப்பட்டது. கம்பெனி விசாரணை வைத்தது. விசாரணை அதிகாரியாக ராஜாராமனையே நியமித்தது. சாமிக்கு வைத்த சட்டை தப்பு செய்திருக்க முடியாது, அதை வைத்தவரும் தப்பு செய்திருக்க முடியாது. ஆகவே தப்பைச் செய்தவள் தையல்காரி என்று அவர் கண்டுபிடித்தார். 'கவனக்குறைவால் சட்டைகள் அனைத்தும் விற்பனைக்கு உதவாமல் தீயிட்டு அழிக்கப்பட்டன' என்று எழுதித் தபீதாளை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஏழு வருஷம் முதுகு வளைத்த பெண்ணை வீட்டுக்கு அனுப்ப ஒரு தாள் போதுமானதாக இருந்தது. அந்தத் தாளின் மூலையில் மஞ்சள் தடவியிருந்தார்கள். நல்ல காரியத்துக்குத்தானே தடவுவார்கள்!

எட்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு, அவள் வீட்டில் யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் வெளிநாட்டுப் பாட்டுச் சேனல் தானாக ஓடிக்கொண்டிருந்தது. தபீதாள் போட்ட அலறலில் அடுத்த வீட்டு எல்லம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"யாருக்கா? யாருக்கு இன்னா ஆச்சு?"

"என் பாக்கெட்டுடி!"

நெருப்பில் வெந்து சாம்பலான சட்டை கடலுக்கு நடுவே ஓர் ஏணிமேல் நின்று பாடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து, கம்பெனிமேல் தபீதாள் போட்ட வழக்குக்குச் சாட்சியாக, அந்தக் கோஷ்டியின் பாட்டுப் படம் எப்போது வந்தாலும் பதிவு செய்வது சேட்டுவின் வேலை. நாலு வருஷத்தில் ஐந்து படங்கள் சேர்ந்தன. எல்லாம் ஒரே கேசட்டில் இருக்கின்றன. தபீதாள் அவற்றை வரிசையாக ஓட்டி விளக்கம் சொல்லும்போது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

முதல் படம் கடல். ஒல்லியான் ஏணியில் ஏறுகிறான், ஏறுகிறான், நாலு நிமிஷமும் ஏறுகிறான். கரையில் நாலு எருமை நின்று பார்க்கின்றன. "ஏணி எது மேல சாஞ்சு கீதுன்னு கேக்காத. எனுக்கும் தெரியாது. ஆனா காத்துல சட்டை எப்படிப் படபடக்குது பாரு, பாக்கெட்டு மட்டும் அசையல. தையல் அப்படி."

இரண்டாவதில் தண்ணீர் இல்லாத நீச்சல் குளம். மேளக்காரன் ஏழு பழைய துணி துவைக்கும் மெஷின்களை அடிக்கிறான். ஒரு கிழவி எரிகிற செய்தித்தாளைச் சாவகாசமாகப் படிக்கிறாள். இந்தப் படத்தில் தபீதாளுக்கு ஒரு மனக்குறை உண்டு. "ஏழு மெஷின் கீது. இந்தச் சட்டையக் கழட்டி ஒண்ணுல போட்டா இன்னா? காலரப் பாரு, அழுக்கு." பிறகு தானே சமாதானமும் சொல்லிக்கொள்வாள்: "தொவைக்காத வரிக்கும் நல்லது. சாயம் போனா வக்கீலு வேற சட்டைன்னுடுவான்."

மூன்றாவது மீன் வைக்கிற குளிர் அறை. கொக்கிகளில் பெரிய பெரிய மீன்கள் தொங்க, ஒல்லியான் அதில் ஒன்றின் காதுக்குப் பக்கத்தில் போய் அழுது பாடுகிறான். மீனுக்குக் காது எங்கே என்று எல்லம்மா கேட்டாள். தபீதாள் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் படத்தில் சட்டையின் மூன்றாவது பட்டன் காணவில்லை. அறுந்த நூல் தொங்குகிறது. முதல் முறை பார்த்தபோது அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "கவனிக்க ஆளில்லாத புள்ளடி. பட்டன் வெச்சுக் குடுக்கக்கூட வூட்ல யாரும் இல்ல."

சேட்டு ஆங்கிலத்தில் அந்தக் கோஷ்டிக்கு ஒரு கடிதம் எழுதியது அப்போதுதான். தபீதாள் தமிழில் சொன்னது இது: 'தம்பி, நீ போட்டிருக்கும் சட்டை ஒரு கேசில் சாட்சி. தீர்ப்பு வரும் வரைக்கும் துவைக்காதே, கிழிக்காதே, யாருக்கும் கொடுக்காதே. பட்டனை மட்டும் வைத்துக்கொள்.' ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. அச்சடித்த கையெழுத்தோடு ஒரு புகைப்படம். அதில் ஒல்லியான் மேல்சட்டை இல்லாமல் நின்றான்.

நான்காவது கல்யாண மண்டபம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கெல்லாம் ஆட்டுத் தலை. சாப்பாட்டு மேசைமேல் ஒல்லியான் படுத்துக்கொண்டு பாட, அவன் முழங்கையில் சட்டை கிழிந்திருக்கிறது. ஐந்தாவதில் அவன் கறுப்பு பனியன் போட்டிருக்கிறான். சட்டையே இல்லை. "இது சாட்சிக்கு ஒதவாதுக்கா, அழிச்சுட்டு வேற எதனா புடிக்கட்டா?" என்று சேட்டு கேட்டபோது அவள் டெக்கின் குறுக்கே கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்டா. சட்டைதான் இல்ல. பாட்டு நல்லா கீது. கேளு, அந்த மேளம் மெஷினு ஓடற மாரியே கீது, நிறுத்தி நிறுத்தி, வளைவு தைக்கும்போது வருமே, அப்படி."

கன்னியம்மா இன்னும் அந்தக் கம்பெனியில் காலர் வைக்கிறவள். தொண்ணூற்றைந்தில் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவள் தபீதாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொடுத்த தகவல் வயிற்றெரிச்சலானது. வெளிநாட்டில் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாடகன்போலவே வலப்பக்கப் பாக்கெட் கேட்கிறார்களாம். கம்பெனிக்கு இருபதாயிரம் சட்டைக்கு ஆர்டர் வந்திருக்கிறதாம். வலப்பக்கம் பாக்கெட் வைக்க எல்லோருக்கும் பயிற்சி கொடுக்கிறார்களாம்.

"யாரு குடுக்குறா பயிற்சி?"

"வேற யாரு, ராஜாராமன் சாருதான். இன்னொண்ணு கேளு. ஒரு பொண்ணு பழக்க தோசத்துல இடப்பக்கம் வெச்சிட்டா. கவனக்குறைவுன்னு சொல்லி அவளையும் வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

தபீதாள் தொழிலாளர் அலுவலகத்தில் போட்டிருந்த வழக்கு போன வருஷக் கடைசிக்குள் பதினோரு வாய்தா வாங்கியிருந்தது. கம்பெனிக்காரர்கள் ஒருமுறை வரவில்லை, ஒருமுறை வக்கீல் வரவில்லை, ஒருமுறை எல்லோரும் வந்தார்கள், கோப்பு வரவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: பழைய மெஷின், பழைய இடம். வீட்டில் ரவிக்கை தைக்கலாம்தான். ஆனால் பாக்கெட் வைக்கத் தெரியாதவள் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்தத் தாள் இருக்கும்வரை அவளுக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை.

பன்னிரண்டாவது வாய்தாவுக்கு, இந்தத் தொண்ணூற்றேழாம் வருஷம் பிப்ரவரியில், சேட்டு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியையும், தபீதாள் வீடியோ டெக்கையும் மடியில் வைத்துக்கொண்டு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினார்கள். எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா, ரிப்பேரா?"

"இல்ல, சாட்சி சொல்லக் கூட்டினு போறேன்."

"டிவியயா? அது பொய் சொல்லுமேக்கா!"

"இது சொல்லாது. இதுக்குத் தமிழு தெரியாது."

சமரச அதிகாரி காந்திமதி அம்மாளுக்கு ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. எத்தனையோ சாட்சிகளைப் பார்த்தவர். மேசைமேல் ஒரு பெட்டி ஏறியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அலுவலகத்துப் பிளக் துளைகளுக்கு வயர் பொருந்தவில்லை. சேட்டு இரண்டு தீக்குச்சிகளைச் சொருகி அதைப் பொருத்தினான். "சத்தம் வேண்டாம்பா," என்றார் அதிகாரி, "பக்கத்து ரூம்ல வேற கேஸ் நடக்குது. சட்டை மட்டும் தெரிஞ்சா போதும்." சேட்டு ஒலிக் குமிழை முழுக்கத் திருகி அடக்கினான்.

அரசாங்க அறையில், வழக்குக் கட்டுகளுக்கு நடுவே, ஒரு மனிதன் சத்தமில்லாமல் கடலில் ஏணி ஏறினான். வாசலில் நின்ற பியூன் உள்ளே வந்துவிட்டார். எருமைகள் வந்ததும் அதிகாரி, "இது எந்த ஊர்?" என்று கேட்டார். ராஜாராமன் நெற்றிக் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "மேடம், இந்தப் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போடப்பட்டிருக்கலாம். திருப்பினால் இடது வலதாகத் தெரியும். இது சாதாரண, இடப்பக்கப் பாக்கெட் சட்டைதான்."

நல்ல வாதம். அதிகாரிகூடத் தலையாட்டினார். தபீதாள் மட்டும் எழுந்து வக்கீலுக்குப் பக்கத்தில் போனாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. உங்க சட்டைல பட்டன் எந்தப் பக்கம் கீது?"

வக்கீல் குனிந்து பார்த்தார். வலப்பக்கம்.

"ஆம்பள சட்டைக்குப் பட்டன் வலப்பக்கம், அது நொழையற காஜா இடப்பக்கம். பொம்பள சட்டைக்கு மாத்தி வரும். படத்தத் திருப்பிப் போட்டிருந்தா பட்டனும்தானே திரும்பணும்? சேட்டு, அந்த மீனு படத்தப் போடு. நிறுத்து. பாருங்கம்மா, மூணாவது பட்டன் அறுந்து நூலு தொங்குது. எந்தப் பக்கம் தொங்குது?"

அதிகாரி எழுந்து பெட்டிக்கு அருகே வந்தார். மீனுக்கும் ஒல்லியானுக்கும் நடுவே முகத்தை வைத்துப் பார்த்தார். நூல் வலப்பக்கம் தொங்கியது. பாக்கெட்டும் வலப்பக்கமே இருந்தது. அந்த அறையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும், ராஜாராமன் உட்பட, தங்கள் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். நாலரை வருஷமாக எந்தச் சட்டப் புத்தகமும் தீர்க்காத விஷயத்தை ஒரு பட்டன் நூல் தீர்த்துவைத்தது.

"அழிச்சுட்டோம்னு எழுதிக் குடுத்தீங்களே," என்றார் காந்திமதி அம்மாள், ராஜாராமனைப் பார்த்து. "அழிஞ்ச சட்டை எப்படிங்க பாட்டுப் பாடுது?"

ராஜாராமன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கோப்பைப் பார்த்தார்.

"விற்றிருக்கலாம் மேடம். ஆனால் தவறு தவறுதான்."

"இப்ப அதே மாதிரி இருபதாயிரம் தைச்சு அனுப்பறீங்களாமே?"

"தொண்ணூற்றிரண்டில் அது தவறு மேடம். தொண்ணூற்றைந்திலிருந்து அது ஃபேஷன். சட்டம் தேதியைத்தான் பார்க்கும்."

இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுச் சிரிக்காமல் நிற்கவும் படிப்பு வேண்டியிருக்கிறது. அதிகாரி அவர்களை வெளியே போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார். நடைபாதையில் வக்கீலும் ராஜாராமனும் பத்து நிமிஷம் கிசுகிசுத்தார்கள். நிறுத்தி வைத்த டெக் தானாகவே மறுபடி ஓட ஆரம்பித்தது; அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த படம் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியிருந்தது. ஆட்டுத் தலைகள் இலையைப் பார்த்துக் குனிந்தன.

திரும்பி வந்த வக்கீல் தட்டச்சு செய்யாத ஒரு தாளை மேசைமேல் வைத்தார். தபீதாளை அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு எடுத்துக்கொள்ள நிர்வாகம் தயார். வலப்பக்கப் பாக்கெட்டில் அனுபவம் உள்ளவர்கள் இப்போது தேவைப்படுகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. இந்த மன்னிப்புக் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"தபீதாம்மா," என்று அதிகாரி குரலைத் தாழ்த்தினார், "போட்டீங்கன்னா திங்கட்கிழமை உங்க மெஷின்ல உக்காரலாம். போடலன்னா லேபர் கோர்ட்டுக்குப் போகும். அங்க எத்தனை வருஷமோ எனக்கே தெரியாது. நானும் அடுத்த வருஷம் இருக்கமாட்டேன். நல்லா யோசிச்சுக்கோங்க."

சேட்டு அவள் காதருகே குனிந்தான். "போட்டுடுக்கா. வெறும் பேப்பருக்கா. பேஜாரு வுட்டுச்சுன்னு வேலைக்குப் போயிடு."

தபீதாள் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். தாளைத் தன் பக்கம் திருப்பி, அதன் ஓரத்தை விரலால் நீவினாள்.

"ஒரு தபா படிச்சுக் காட்டுங்க சார். எனுக்குக் கண்ணாடி இல்ல."

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "கனம் பொருந்திய நிர்வாகத்தினர் அவர்களுக்கு. என் மேற்பார்வையாளர் திரு. ராஜாராமன் அவர்கள் மாதிரிச் சட்டையைத் தெளிவாகக் காட்டி விளக்கியும், நான் அவரது சொல்லைக் கேளாமல், என்னுடைய கவனக்குறைவினால்..."

தபீதாள் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். பெட்டிக்கு அருகே போனாள். திரையில் ஆட்டுத் தலைகளுக்கு நடுவே ஒல்லியான் மேசைமேல் எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டிருந்தான். அவள் ஒலிக் குமிழைப் பிடித்து அது நிற்கும் மட்டும் வலப்பக்கம் திருகினாள்.

மேளமும் கிட்டாரும் அவனுடைய அலறலும் சேர்ந்து அறைக்குள் இறங்கின. மேசைமேல் கோப்புகள் அதிர்ந்தன. பக்கத்து அறைக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். வக்கீல் தாளை முகத்துக்கு அருகே தூக்கிப் பிடித்து இன்னும் படித்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய உதடுகள் மட்டும் அசைந்தன. தபீதாள் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.